கட்டிலுக்கு அடியில் 380 புத்தகம்: ஆன்லைனில் விற்க வழி சொல்லுங்கள்

நாலாம் நம்பர் பீட் (கோவில்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். 34 வருஷம் தபால்காரனாக இருந்துவிட்டு 2021-ல் ஓய்வு பெற்றவன். சைக்கிள் மிதித்த ஊர்கள், மணியார்டருக்காகத் திண்ணையில் காத்திருந்த ஆச்சிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டிய கடிதங்கள் என்று 27 கட்டுரை எழுதி, போன வருஷம் புத்தகமாகப் போட்டேன். 160 பக்கம், விலை 220 ரூபாய்.

"நீங்க எழுதிக் கொடுத்தா போதும், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றது ஒரு நிறுவனம். பணிக்கொடையிலிருந்து 68,000 ரூபாய் எடுத்துக் கட்டினேன். 500 பிரதி லாரி ஆபீசில் வந்து இறங்கியது. பில்லில் "ஆன்லைன் மார்க்கெட்டிங்" என்று தனியாக 9,000 போட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் செய்தது, தங்கள் முகநூல் பக்கத்தில் அட்டைப் படத்தை ரெண்டு தடவை போட்டதுதான். ஏழு லைக் விழுந்தது. அதில் நாலு என் வீட்டு ஆட்கள்.

வெளியீட்டு விழாவில் 70 போனது. அதில் பாதி மொய் எழுதுகிற மாதிரி வாங்கியது என்று எனக்கே தெரியும். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தது 30. பஜாரில் ஒரு கடையில் 40 சதவீதக் கழிவுக்கு 20 வைத்தேன். ஆறு மாசத்தில் மூணு விற்றதாம். மிச்சம் 380 கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கரையான் வந்தால் உங்களையும் சேர்த்துத்தான் தின்னும் என்கிறாள் வீட்டுக்காரி.

முகநூலில் நானே ஒன்பது கட்டுரையை முழுசாகப் போட்டிருக்கிறேன். நன்றாகப் படிக்கிறார்கள். தந்தி சேவை 2013-ல் நின்றுபோன அன்றைக்கு எங்கள் ஆபீசில் நடந்ததை எழுதியதை இருநூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். ஆனால் புத்தகம் வேண்டும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. விளம்பரத்துக்கு 5,000 கட்டுங்கப்பா என்கிறான் மகன். கட்டலாமா? அமேசான் கிண்டிலில் மின்நூலாகப் போடலாமா? பணம் போனது போகட்டும், புத்தகம் வீடு போய்ச் சேரணும். டெலிவரி ஆகாத தபாலைப் பையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

அடுப்படிக்காரி (கும்பகோணம்)

ஐயா, விளம்பரத்துக்கு இப்போதைக்கு ஒரு பைசா கட்டாதீங்க. உங்க பக்கத்துக்குப் போய் ஒன்பது பதிவையும் படிச்சுட்டுத்தான் எழுதறேன். தந்திக் கட்டுரையில் கண் கலங்கிட்டேன். சரி, புத்தகம் வாங்கலாம்னு தேடினா போன் நம்பர் இல்லை, விலை இல்லை. இப்படி ஒரு புத்தகம் இருக்குன்னுகூட ஒன்பதில் ஏழில் சொல்லவே இல்லை! முகவரி எழுதாத கவரை நீங்களே பெட்டியில் போட்டிருக்கீங்க.

நான் வடாம், ஊறுகாய், பத்தியச் சமையல்னு மூணு புத்தகம் சொந்தமாப் போட்டவ. 2019-ல் முதல் புத்தகம் 300 பிரதி. "என் புத்தகம் வெளிவந்துள்ளது, ஆதரவு தாரீர்"னு மாசம் பூரா எழுதினேன், 11 போச்சு. அப்புறம் பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் மோர்மிளகாய் காயற படத்தோட, அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டேன். அளவு, உப்பு, எத்தனை வெயில் எல்லாம் அதிலேயே இருக்கு. கடைசி வரியில் "மத்த 62 வகையும் புத்தகத்தில். தபால் செலவு உட்பட 180. இந்த நம்பருக்கு வாட்ஸப்." ஒரே வாரத்தில் 41. ஆதரவு கேட்டா யாரும் வாங்கறதில்லை ஐயா. வடாம் போடற சீசனில் வடாம் பத்தி எழுதினா வாங்கறாங்க.

உங்களுக்கும் சீசன் உண்டு. அக்டோபர் 9 உலக அஞ்சல் தினம், மறுநாள் நம்ம தேசிய அஞ்சல் தினம். அந்த வாரம் பேப்பர்காரங்க, ரேடியோக்காரங்க எல்லாம் தபால் பத்தி ஏதாவது கிடைக்குமான்னு தேடுவாங்க. ஆகஸ்ட் 15 பின்கோடு வந்த நாள், 1972-ல். இதை எனக்குச் சொன்னதே உங்க மூணாவது பதிவுதான்.

வேலை எல்லாம் வாட்ஸப்பில்தான். யூபிஐ க்யூஆர் படம் ஒண்ணு, "பெயர், முகவரி, பின்கோடு, போன்"னு ஒரு செய்தி ஒண்ணு, ரெண்டையும் தயாரா வெச்சுக்கோங்க. யார் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் போகணும். ராத்திரி கேட்டவங்களுக்குக் காலையில் பதில் போட்டா பாதிப் பேர் மனசு மாறிடறாங்க. 180 தனி, தபால் 40 தனின்னு பிரிச்சு எழுதாதீங்க. மொத்தமா 220ன்னு ஒரே தொகை சொல்லுங்க. நான் ரெண்டு விதமாவும் பார்த்துட்டேன். அந்த நாப்பதைப் பார்த்தவுடனே ஓடிடறாங்க.

இன்னொண்ணு, நான் பட்டது. ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் முப்பது நாப்பது வாட்ஸப் குழுவில் அட்டைப் படத்தை வீசினேன். ஆறு குழுவில் வெளியே தள்ளினாங்க, ஒரு நாள் என் கணக்கையே முடக்கி வெச்சாங்க. உங்களுக்கு அது வேண்டாம். ஓய்வு பெற்ற தபால் ஊழியர் குழு ரெண்டு மூணில் நீங்களே இருப்பீங்க இல்லையா? அங்கே ஒரு கட்டுரை போதும். அவங்க வீட்டில் எல்லாம் இந்தக் கதை இருக்கு, எழுதத்தான் ஆள் இல்லை.

லேஅவுட் ராசா (திருவல்லிக்கேணி)

சார், கிண்டில் பத்தி நான் சொல்றேன். 20 வருஷமா புக் லேஅவுட் பண்றேன்.

முதல்ல அந்த கம்பெனிகிட்ட ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்டு வாங்குங்க. பிடிஎஃப் கொடுத்துட்டு "இதுதான் ஃபைல்"னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. நம்ம ஊர்ல பாதிப் புத்தகம் இன்னும் பழைய ஃபான்ட்லதான் அடிக்கிறாங்க. அச்சுக்கு அது பிரச்சினை இல்லை. கிண்டிலுக்கு யூனிகோடு, அதாவது எல்லா கம்ப்யூட்டர், போன்லயும் படிக்கிற பொது எழுத்துமுறை, வேணும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மென்பொருள்ல போட்டு மாத்திக்கலாம். மாத்தினதும் அப்படியே ஏத்திடாதீங்க. "கொ, கோ" கொம்பு பிரிஞ்சு கிடக்கும், "ஸ்ரீ" காணாமப் போயிருக்கும், வரி உடையிற இடத்துல போட்ட கோடெல்லாம் வார்த்தைக்கு நடுவுல நிக்கும். 160 பக்கத்தையும் ஒருத்தர் உக்காந்து படிச்சே ஆகணும். "43-ம் பக்கம் பார்க்க"ன்னு இருந்தா எடுத்துடுங்க, கிண்டில்ல பக்கம் ஆளுக்கு ஆள் மாறும். வேர்டு ஃபைலா ஏத்தினாலே போதும். அட்டை 1600க்கு 2560 பிக்சல்.

காசு விஷயம். அமேசான் இந்தியாவுல 70 சதவீத ராயல்டி வேணும்னா மின்நூலை அமேசானுக்கு மட்டுமே தர்ற கேடிபி செலக்ட் திட்டத்துல சேரணும், சேரலைன்னா 35தான். 70 வாங்கினா மெகாபைட்டுக்கு 7 ரூபாய் டெலிவரி செலவுன்னு கழிப்பாங்க. நீங்க போட்டோவெல்லாம் அப்படியே பெருசா வெச்சு ஃபைல் 6 எம்பி ஆச்சுன்னா ஒரு பிரதிக்கு 42 ரூபாய் அதுலயே போச்சு. 100 ரூபாய் புத்தகத்துல அப்புறம் என்ன மிஞ்சும்? படத்தைச் சுருக்குங்க.

செலக்ட்ல சேர்ந்தா 90 நாளைக்கு டிஜிட்டலா வேற எங்கேயும் இருக்கக் கூடாது. பத்துல ஒரு பங்கு மாதிரிக்கு விடலாம். நீங்க 27-ல ஒன்பதை முகநூல்ல முழுசா வெச்சிருக்கீங்க, அதாவது மூணுல ஒரு பங்கு. ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை மறைச்சுட்டுச் சேருங்க, இல்லேன்னா சேராதீங்க. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கட்டிலுக்கு அடியில இருக்கிறதைத் தாராளமா வித்துக்கலாம். செலக்ட்ல இருந்தா கிண்டில் அன்லிமிடெட் சந்தா கட்டினவங்க படிக்கிற பக்கத்துக்கும் காசு வரும், 90 நாள்ல 5 நாள் இலவசமாவும் கொடுக்கலாம். அந்த இலவசத்தை முதல் வாரத்துலயே செலவழிச்சிடாதீங்க, அக்டோபருக்கு வெச்சிருங்க. அந்தக்கா சொன்ன சீசன் கணக்குதான்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள எண், கிண்டிலுக்குத் தேவையில்லை, அவங்களே ஒரு நம்பர் கொடுப்பாங்க. அச்சுக்கு மறுபதிப்பு போட்டா உங்க பேர்லயே எடுங்க. டெல்லில ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி, ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், கட்டணமே கிடையாது. உங்க பில்லுல அதுக்கு எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க சார், சும்மா ஒரு ஆசைக்குக் கேக்கறேன்.

வீட்ல இருக்கிறவங்களை அமேசான்ல விமர்சனம் எழுதச் சொல்லாதீங்க. அவங்க விதிப்படி அது கூடாது, கண்டுபிடிச்சாத் தூக்கிடுவாங்க.

பனங்கூடல் (ஸ்காபரோ, கனடா)

ஐயா, வெளிநாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களின்ர பக்கத்தையும் ஒருக்கா பாருங்கோ. உங்கட தந்திக் கட்டுரையை என்ர அண்ணாதான் அனுப்பினவர். யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக்கு வந்த கடைசித் தந்தி என்ர கலியாணத்துக்கு வந்தது. புத்தகம் வேணும்தான், ஆனா அங்கயிருந்து தபாலில எடுப்பிச்சா புத்தக விலையிலும் பார்க்கத் தபால்காசு கூட. கிண்டில் எண்டால் இண்டைக்கு இரவே வாசிச்சிடுவன். போட்டவுடனை இங்கையே லிங்கைப் போட்டுவிடுங்கோ.

பத்திர எழுத்தர் (தென்காசி)

அண்ணாச்சி, கிண்டிலில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வாசிங்க. உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும். காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 19-ம் பிரிவுப்படி ஐந்து வருஷம்தான் செல்லும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். மின்நூல் என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று பாருங்க.

அடுத்தவர் கடிதத்தை வாசித்துக் காட்டியதாக எழுதியிருக்கீங்க. அந்த வாசகங்களை அப்படியே போட்டிருந்தால் அது எழுதியவருடைய சொத்து, உங்களுடையது இல்லை. ஊர், தெரு, பேர் மூணும் சரியாக இருந்தால் இன்னும் மோசம். 500 பிரதி கோவில்பட்டியோடு நின்றுவிடும், கிண்டில் அப்படி இல்லை.

நாலாம் நம்பர் பீட் (கோவில்பட்டி)

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

தாயி, நீங்கள் சொன்னபடி தந்திக் கட்டுரைக்குக் கீழே நம்பரையும் விலையையும் சேர்த்தேன். பழைய பதிவு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாலு நாளில் 13 ஆர்டர். ஓய்வூதியர் குழுவில் மணியார்டர் கட்டுரையைப் போட்டதில் 38. அதில் ஒருத்தர், ராமநாதபுரம் பக்கம் கிளை அஞ்சலகத்தில் இருந்தவர், ஆறு பிரதி கேட்டு, ஆறுக்கும் ஆறு முகவரி எழுதி அனுப்பினார். எல்லாவற்றிலும் பின்கோடு சரியாக இருந்தது. மற்றவர்களில் ஒன்பது பேர் பின்கோடு தப்பு. நானே திருத்திக்கொண்டேன், அதற்குப் புத்தகம் எதுவும் பார்க்கத் தேவைப்படவில்லை.

எடை போட்டுப் பார்த்தேன், கவரோடு 220 கிராம். 2025 மே மாதம் புத்தகங்களுக்காக வந்த ஞான் போஸ்ட் என்ற தபால் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. உள்ளே விளம்பரம் இருக்கக் கூடாது, அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தார் பேர் இருக்கணும். தரைவழிதான், மெதுவாகத்தான் போகும். "எப்ப வரும்"னு கேட்கிறவர்களிடம் சொல்லிவிட்டே அனுப்புகிறேன்.

ராசா தம்பி, ஐஎஸ்பிஎன்னுக்கு பில்லில் 3,500 போட்டிருக்கிறார்கள். ஓப்பன் ஃபைல் கேட்டு மூணு மெயில் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. இனி ரிஜிஸ்டரா ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதையும் இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், நான் வாசிக்க வாசிக்க அடித்துத் தருகிறேன் என்கிறாள். 27-ல் நாலு முடிந்தது.

பத்திர எழுத்தர் தம்பி சொன்னதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. ஒப்பந்தத்தில் மின்நூல் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அது சரி. ஆனால் 19-வது கட்டுரையில் ஒரு ஆச்சிக்கு பம்பாயிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை வரிக்கு வரி போட்டிருக்கிறேன். ஆச்சி இல்லை. மகன் இருக்கிறான், மும்பையிலேயே, எனக்கு முகவரி மனப்பாடம். ஒரு பிரதியும் கடிதமும் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் பதில் வந்த பிறகுதான் கிண்டில். ஸ்காபரோ அம்மா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும்.

கட்டிலுக்கு அடியில் இப்போது 329.