சமமட்ட அகழி: கரை எங்கே உடைகிறது?

மழைநீரைத் தேக்க, சரிவான தரிசில் ஒரே மட்டத்தில் அகழி வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் கரையாகக் கொட்டுபவர்கள் ஆழத்தையே பார்க்கிறார்கள். கோளாறு வருவது மட்டத்தில். கரையில் நாலு விரல் தாழ்ந்த இடம் ஒன்று இருந்தால் போதும், மொத்தத் தண்ணீரும் அங்கேதான் ஏறி வழியும். அரை மணியில் ஓடையாகிவிடும்.

மட்டம் பார்க்க, A எழுத்து வடிவில் ‘ஏ’ சட்டம் செய்வது எளிது. 2 மீட்டர்க் கம்பு இரண்டு, நடுவில் குறுக்குக்கட்டை, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். கால்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் முளை அடியுங்கள். கயிறு கட்டையைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நட்டநடுப் புள்ளிதான் மட்டம். காற்று அடித்தால் கல் ஆடும். அன்றைக்குத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய், அதாவது டியூப் லெவல்தான் சரி. குழாயில் குமிழி இருந்தால் அதுவும் பொய் சொல்லும்.

மட்டம் சரியாக இருந்தும் கரை உடைவதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். மேலே 500 சதுர மீட்டர் நிலம், 50 மி.மீ. மழை: 25,000 லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும் 12,500 ஓடிவரும். 30 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழமுள்ள அகழி கொள்வது 7,200தான். மிச்சம் போக வழி வேண்டும். கரை உச்சியைவிட ஒரு சாண் தாழ்வாக, வெட்டாத கெட்டி மண்ணில் கலிங்கு (மிச்சத் தண்ணீர் வழியும் வாய்) விட்டு, கல் பாவுங்கள். கொட்டிய மண்ணில் விட்டால் அரித்துவிடும்.

செங்குத்துச் சரிவு, வழுக்கும் களிமண், கீழே வீடு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அகழியே வேண்டாம். நீர் ஊறிய மண் அப்படியே சரியும்.

கரையை வெறுமையாக விடாதீர்கள். வெட்டிய வாரமே சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூவெடுக்கும்போது, சுமார் 45 நாளில், வேரை விட்டுத் தண்டை மட்டும் அறுத்து அங்கேயே பரப்புங்கள். மரக்கன்றை அகழிக்குள் நடாதீர்கள், வேர் மூச்சுமுட்டும். கரையின் கீழ்ப்புறம் நடுங்கள். மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கு 10 முதல் 15 செ.மீ., தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும்.

மரத்தூளை மேலே பரப்பலாம், மண்ணோடு கிளறக் கூடாது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். ‘உரம் போட்டும் மஞ்சளாகிறதே’ என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.