டியூஷன் முடிந்ததும் ஜெபம்: பிள்ளைகளிடம் சாட்சி சொல்லலாமா?

பெர்ஜுந்தை அப்பா
எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு கடைவீட்டு மாடியில் கிறிஸ்தவ சபை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய், கணக்கு இரண்டும் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். என் மகள் அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். அங்கே எல்லாம் மலாயில்தான். நான் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன், வெளியில் பணம் கட்டி டியூஷன் வைக்க வசதி இல்லை. அதனால் அனுப்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், பிள்ளையின் மலாய் நன்றாகத் தேறியிருக்கிறது.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவள் கண்ணை மூடிக்கொண்டு "இயேசப்பா" என்று ஆரம்பித்தாள். என் அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். விசாரித்தால், வகுப்பு முடிந்ததும் ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு ஜெபம், அப்புறம் மைலோவும் பிஸ்கட்டுமாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறாள். நானும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எங்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லுங்கள்.

சனிக்கிழமை டீச்சர்
அண்ணே, நான் அந்தச் சபை இல்லை. கோலசிலாங்கூர் பக்கம் நாங்களும் இதே மாதிரி வகுப்பு நடத்துகிறோம், அதனால் பதில் சொல்கிறேன். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை தூக்கத்தை விட்டு வருகிறவர்கள் நாங்கள். ஏன் வருகிறோம்? விசுவாசம்தான் காரணம். அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கணக்கு மட்டும் சொல்லிக் கொடு என்றால் எப்படி? எங்கள் மாடிப்படியிலேயே சிலுவை போட்ட பலகை இருக்கிறது. எதையும் ஒளிக்கவில்லை. பிள்ளைகளே கேட்கிறார்கள், "டீச்சர், காசு வாங்காமல் ஏன் சொல்லித் தருகிறீர்கள்?" என்று. அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

கோயில் கமிட்டி
ஒரே ஒரு கேள்வி டீச்சர். மைலோ ஜெபத்துக்கு முன்னாலா, பின்னாலா?

சனிக்கிழமை டீச்சர்
பின்னால். அதனால் என்ன? ஜெபம் வேண்டாம் என்கிற பிள்ளை வெளியே நிற்கலாம், அதற்கும் மைலோ உண்டு.

கோயில் கமிட்டி
இதுவரை எத்தனை பிள்ளை வெளியே நின்றது? பத்து வயசுப் பிள்ளை, கூட்டாளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது தனியாக எழுந்து போகுமா? நாம் பெரியவர்களே கல்யாண வீட்டில் பேச்சு முடியும்வரை எழுந்திருக்கக் கூச்சப்படுகிறோம். "கட்டாயம் இல்லை" என்பது உங்கள் மனத் திருப்திக்குச் சொல்வது. பிள்ளைக்கு அப்படித் தெரியாது.

சட்டப் பக்கம்
கொஞ்சம் தெளிவுக்காக. மதம் பற்றிய உரிமை மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவில் இருக்கிறது. தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதை மட்டும் மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம், அது 11(4). ஆக ஓர் இந்துவிடம் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தைப் பேசுவது குற்றமே இல்லை. இது இங்கே பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் பிள்ளைகள் விஷயம் 12ஆவது பிரிவு. தன் மதம் அல்லாத வேறு மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 12(3). 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது 12(4). தன்னைக் கேட்காமல் கணவர் பிள்ளைகளை முஸ்லிமாக மாற்றியதை எதிர்த்து இந்திரா காந்தி என்ற மலேசிய இந்துத் தாய் போட்ட வழக்கில் 2018இல் கூட்டரசு நீதிமன்றம் பிள்ளையை மதம் மாற்றத் தாய், தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது நம் கோயில்களிலும் சபைகளிலும் ஒரே மாதிரி சந்தோஷப்பட்டோம். ஒரு பாட்டும் ஜெபமும் மதமாற்றம் ஆகிவிடாது, சரி. இருந்தாலும் பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் மதத்தைத் தொடாதே என்று அன்று கைதட்டியவர்கள் நாம்தானே.

அக்கினிச் சுடர்
சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். சம்பள நாள் என்றால் சம்சுச் சாராயக் கடையில்தான் கிடப்பார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்கு ஓடிய ராத்திரிகள் உண்டு. ஒரு பிரதர் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து அப்பாவோடு பேசினார், ஜெபித்தார், திட்டு வாங்கினார், மறுபடியும் வந்தார். அப்பா குடியை விட்டார். இன்று உயிரோடு இருக்கிறார். அந்தப் பிரதர் "எல்லாருடைய சம்மதமும் கிடைக்கட்டும்" என்று வீட்டிலேயே இருந்திருந்தால்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பைபிளில் ரோமர் 10இல் பவுல் கேட்கிறார். வாழ்க்கையில் மட்டும் காட்டு, வாயைத் திறக்காதே என்பது நமக்குச் சௌகரியமான விசுவாசம். வெட்கத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொள்கிறோம்.

பழைய லயம்
தம்பி, உன் அப்பாவின் கதையைக் கேட்டுச் சந்தோஷம். ஆனால் அந்தப் பிரதர் யாரோடு பேசினார்? உன் அப்பாவோடு. எதிர்த்துத் திட்டக்கூடிய, கதவைச் சாத்தக்கூடிய ஒரு பெரிய மனுஷனோடு. உன் அப்பாவுக்குத் தெரியாமல் உன்னைக் கூட்டிப்போய்ப் பாட்டுச் சொல்லித் தரவில்லையே.

நான் லுத்தரன் குடும்பம். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய அந்த வழியில் வந்த சபைதான் எங்களுடையது. அவரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார், அங்கே வேதமும் சொல்லிக் கொடுத்தார். ஆகவே டீச்சர் செய்வது புதுசு ஒன்றுமில்லை. ஆனால் மிஷன் பள்ளி என்றால் அது மிஷன் பள்ளி என்று தெரிந்துதான் பிள்ளையை விட்டார்கள். கணக்கு டியூஷன் என்று சொல்லிவிட்டு வேதப் பாடம் நடத்துவது வேறு.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். உபதேசியார் மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் லயமே பார்த்தது. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நேரத்தோடு வருகிறானா, ரப்பர்ப் பால் வாளியில் தண்ணீர் கலக்கிறானா, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறானா. இதில் தவறினால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. பேதுரு என்ன எழுதினார்? உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றார். முதலில் எதிராளிக்குக் கேட்கத் தோன்ற வேண்டும்.

அக்கினிச் சுடர்
ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அத்தனை வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த லயத்தில் எத்தனை பேர் வந்து கேட்டார்கள்?

பழைய லயம்
ரொம்பக் குறைவு. எண்ணிக்கை காட்டி உன்னை ஜெயிக்க முடியாது, தெரியும். ஆனால் என் மனைவி இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள். அதையும் ஊழியம் என்றுதான் நான் நினைக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோயில் கமிட்டி
ஐயா சொன்ன அந்தக் காலத்து ஒட்டுறவு இப்போது இல்லை, அதற்கு நாங்கள் மட்டுமே காரணமும் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் பொங்கல் கொடுத்தனுப்பினால் "வேண்டாம், நாங்கள் ரட்சிக்கப்பட்டவர்கள்" என்று பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தனுப்புகிறார்கள். தீபாவளி முறுக்கையும் சாமிக்குப் படைத்ததா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எங்கள் சோறு உங்களுக்குத் தீட்டு, உங்கள் ஜெபம் மட்டும் எங்கள் பிள்ளைக்கு ஆசீர்வாதமா?

அக்கினிச் சுடர்
படைத்ததை நான் சாப்பிட மாட்டேன். அது என் மனசாட்சி. உங்கள் வீட்டில் படைக்காத சோறு போட்டால் கூட உட்கார்ந்து சாப்பிடுவேன்.

பழைய லயம்
இதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பதை இந்து நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொரிந்து பட்டணத்தில் இதே சண்டைதான் நடந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 10இல் சொல்வது இது: அவிசுவாசி ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டு நீ போக மனதானால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதே. முறுக்கு வாங்கும்போதே "படைத்ததா" என்று விசாரிக்கிறவர் அந்த வசனத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். பழைய ஏற்பாட்டில், இஸ்ரவேலின் தேவனை நம்ப ஆரம்பித்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையும் இருக்கிறது. ராஜாவோடு ரிம்மோன் கோயிலுக்குள் போய்ப் பணிய வேண்டிவருமே என்று அவன் எலிசாவிடம் தயங்கிச் சொன்னபோது, தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பினார். வேண்டாம் என்பவர் கையெடுத்துக் கும்பிட்டு இரண்டு வார்த்தை அன்பாகச் சொல்லலாம். பிள்ளையின் கையில் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்புவது நாகரிகக் குறைவு.

கான்வென்ட் அக்கா
நான் இந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். எங்கள் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் திருமறை வகுப்புக்கு எழுந்து போவார்கள். எங்களுக்கு நன்னெறிப் பாடம். எழுந்து போக வேண்டியது அவர்கள்தான், நாங்கள் இல்லை! மதம் வேண்டுகிற பிள்ளை தனியாகப் போகட்டும், பாடம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். டீச்சர் இதை யோசித்துப் பாருங்கள். அந்த சிஸ்டர்கள் என்னை ஒரு தடவைகூட மதம் மாறச் சொன்னதில்லை. ஆனால் இன்றும் யாராவது கிறிஸ்தவர்களைத் தாழ்வாகப் பேசினால் எனக்குத்தான் முதலில் கோபம் வரும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே தாமானில் கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. திருவிழாவுக்கு வசூல் நடக்கிறது. சனிக்கிழமை டியூஷன் மட்டும் ஏன் சபை மாடியில் நடக்கிறது?

கோயில் கமிட்டி
எதிர்பார்த்த அடிதான். எங்கள் கோயில் தோட்டத்துக் கோயில். அந்தக் காலத்து நிர்வாகம் வாயால் "கட்டிக்கொள்" என்றது, பட்டா கிடையாது. தோட்டம் கை மாறியபின் நிலப் பிரச்சினைக்கே வசூல் போகிறது. வாணவேடிக்கைக்கும் போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதைக் குறைக்கச் சொன்னால் கமிட்டியில் என்னைத்தான் திட்டுவார்கள். மண்டபம் சனிக்கிழமை காலி. மலாய் சொல்லித்தர ஆள் இல்லை.

பெர்ஜுந்தை அப்பா
நான் கேட்டது எங்கேயோ போய்விட்டது. மகளை நிறுத்தப் போவதில்லை. இந்தச் சனிக்கிழமை நானே மாடியேறிப் போய், பாடம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிடுவேன். ஜெபத்துக்கு இருக்க வேண்டுமா என்பதை அவள் பெரியவளானபின் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் கண்ணை மூடி ஜெபித்தால் அதட்டவா?

பழைய லயம்
அதட்டாதீர்கள் ஐயா. சாப்பிடும் முன் நன்றி சொல்கிற பழக்கம் எந்த வீட்டுக்கும் நல்லதுதான். உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி உங்கள் வழியில் ஒரு பாட்டுச் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை டீச்சர்
அக்கா சொன்னதை எங்கள் குழுவில் பேசினேன். மைலோ முதலில், அதோடு வகுப்பு முடிந்தது. பாட்டும் ஜெபமும் அதற்குப் பிறகு, பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டு பேருக்குக் கோபம். ஒருத்தர் இனி வரமாட்டேன் என்றார்.

அக்கினிச் சுடர்
அப்படியென்றால் யாரும் இருக்க மாட்டார்கள் சிஸ்டர்.

கோயில் கமிட்டி
அப்படி ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றால், இத்தனை நாள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் பிரதர்?

சனிக்கிழமை டீச்சர்
நீங்கள் இரண்டு பேரும் நிறுத்துங்கள். கமிட்டி அண்ணே, மண்டபம் காலி என்றீர்களே. மதியத்துக்கு மேல் நான் வந்து மலாய் சொல்லித் தருகிறேன். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. ஆனால் ஏன் காசு வாங்காமல் வருகிறீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், உண்மையைத்தான் சொல்வேன். சம்மதமா?

கோயில் கமிட்டி
பிள்ளை கேட்டால் மட்டும், அதுவும் ஒரு வரியில். எனக்குச் சம்மதம். தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அக்கினிச் சுடர்
கோயில் மண்டபத்திலா? எங்கள் பாஸ்டர் இதற்கு என்ன சொல்வாரோ தெரியாது. ஆள் பற்றவில்லை என்றால் கணக்குக்கு நான் வருகிறேன்.