பூசணம் பிடித்த புண்ணாக்கை வேகவைத்துக் கொடுக்கலாமா?

தேவிபட்டினம் வாத்துக்காரன்:
ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகி, கடலைப் புண்ணாக்கு மூட்டை ஒன்று நனைந்துவிட்டது. மேலெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம். சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து வாத்துகளுக்கு வைத்தேன். பன்னிரண்டு குஞ்சில் ஐந்து போய்விட்டது. பெரிய வாத்துகள் மந்தமாக நிற்கின்றன. இன்னும் முக்கால் மூட்டை கிடக்கிறது. வேகவைத்தால் மாட்டுக்காவது ஆகுமா? மூட்டை விற்கிற விலைக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

உப்பூர் அக்கா:
வேண்டாம் தம்பி. பூசணம் செத்தாலும் அது விட்டுப்போன அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கிற தண்ணீருக்கு அசையாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்ததும் கடலைப் புண்ணாக்கால்தான். பிரேசிலில் இருந்து போன சரக்கு. அதைத் துருவியபோதுதான் இந்த நஞ்சே தெரியவந்தது. வாத்துக் குஞ்சு இதைத் தாங்கவே தாங்காது, ஈரல் போய்விடும். மாடு தாங்கும், ஆனால் பாலில் எம்1 என்ற வடிவத்தில் இறங்கும். நம் நாட்டில் பாலுக்கு வரம்பே கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்.

தேவிபட்டினம் வாத்துக்காரன்:
அந்தப் பாலைத்தான் என் மகள் குடிக்கிறாள். சரி, புதைத்துவிடுகிறேன். சுரண்டியது வீண்தானா?

மண்டபத்தான்:
நிறம்தான் போயிருக்கும், நஞ்சு உள்ளேயே இருக்கும் அண்ணே. அப்புறம், இனி ஒரு குஞ்சு செத்தால் மீன் ஐஸ் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாத்து பிளேக் என்ற தொற்றுநோயாகவும் இருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த மூட்டையைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள்.