"குடைகள் செய்வோம், உளுந்து வடைகள் செய்வோம்": இது என்ன பாட்டு?

பர்கூர்க்காரன் எழுதியது:

வணக்கம். போன வாரம் புளி வந்த கோணியை வாசலில் உதறிக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் பாடாத பாட்டு. இரண்டு வரி பாடியதும் நின்றுவிட்டது, அதற்கு மேல் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

நினைவில் இருப்பது இவ்வளவுதான்:

குடைகள் செய்வோம், உளுந்து வடைகள் செய்வோம்
கோணிகள் செய்வோம், (ஏதோ) ஆணிகள் செய்வோம்

கூகுளில் தேடினேன். உளுந்து வடை மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக வருகிறது. கோணி என்று போட்டால் சாக்கு வியாபாரிகள்.

விவரம் சொல்கிறேன், யாருக்காவது பிடிபடலாம். பர்கூர் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம், நான் படித்தபோது தர்மபுரி மாவட்டம். நான் நாலாம் வகுப்பு. வருஷம் சரியாகத் தெரியவில்லை, ஆனால் சத்துணவு புதிதாகத் தொடங்கியிருந்தது. மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதே அப்போது எங்களுக்குத் திருவிழா. பாட்டில் வடை வந்தது யாருக்கும் விசேஷமாகத் தெரியாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்து வடையும் போடப்போகிறார்கள் என்றே நம்பினோம்.

விழா ஒரு பனிக்காலத்தில் நடந்தது. வட்டமாக நின்று கும்மி மாதிரி கை தட்டிப் பாட வேண்டும். தன் வரி வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டியபடி முன்னால் வர வேண்டும். எங்கள் வீட்டில் புளி வியாபாரம் என்பதால் எனக்குக் கோணி. ஒரு பெண்ணுக்குக் குடை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக் குடை, அதைத் தொடக்கூட எங்களை விடவில்லை.

இத்தனை வருஷமாக எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. வடை என்று பாடும்போது முன்னால் வந்தவன் கொல்லுப்பட்டறைக்காரர் மகன். அவன் கையில் வடை இல்லை. ஒரு ஏர்க்கொழு. இரும்புக் கொழுவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வடைக்கும் கொழுவுக்கும் என்ன சம்பந்தம்? டீச்சரிடம் கேட்கப் பயம். எண்ணெய்க்குக் காசில்லை போல, அதனால்தான் வடைக்குப் பதில் கொழு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வேறு இரண்டு துண்டுகளும் மண்டையில் இருக்கின்றன. இதே பாட்டா என்று தெரியாது. ஒன்று, "வெட்டுக் கனிகள் செய்து" என்று வரும். மாம்பழத்தை வெட்டுவது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வேறு என்ன கனி? இன்னொன்று, "ராஜா பொத்தான் ஆத்து வீரர் தமக்கு" என்று தொடங்கி, "கன்னடத்துத் தங்கம் அளிப்போம்" என்று முடியும். தங்கப் பொத்தான் வைத்த சட்டை போட்ட சிப்பாய்கள் ஆற்றங்கரையில் நிற்பதாக ஒரு படம் இன்றும் கண்ணில் இருக்கிறது. தங்கம் என்ற வரி வந்தபோது கூட்டத்தில் இருந்த என் தாத்தா உரக்கச் சிரித்ததும், டீச்சர் திரும்பி முறைத்ததும் நன்றாக நினைவிருக்கிறது. தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்தவர்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வடையைப் பற்றிச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அரூரான்:

அண்ணா, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் பாடிய பாட்டாக இருக்குமோ? எங்கள் ஊரில் ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு இந்த மாதிரி "செய்வோம், செய்வோம்" என்று நிறையப் பாடுவார்கள். வடை வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் நான் ஒழுங்காகப் போயிருப்பேன்.

பர்கூர்க்காரன்:

இல்லை தம்பி, அறிவொளி வந்தது தொண்ணூறுகளில். அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இது அதற்கு ரொம்ப முன்னால்.

பாலக்கோடு மருமகள்:

அண்ணா, சிரித்துச் சிரித்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் இருந்தபடியே, "அது வடை இல்லடி, படை! உழுபடை!" என்றார்.

குடைகள் செய்வோம் உழுபடைகள் செய்வோம்
கோணிகள் செய்வோம் இரும்பாணிகள் செய்வோம்
நடையும் பறப்புமுணர் வண்டிகள் செய்வோம்
ஞாலம் நடுங்கவரும் கப்பல்கள் செய்வோம்

பாரதியார் பாட்டாம். இதற்கு முந்தியது "ஆயுதம் செய்வோம் நல்ல காகிதம் செய்வோம்" என்றும் சொன்னார். உழுபடை என்றால் உழுகிற கருவி, ஏர் கலப்பை. உங்கள் நண்பர் கையில் இருந்த கொழு சரிதான் அண்ணா. தப்பு உங்கள் பக்கம்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார், பென்னாகரம்:

அந்த அம்மா சரியாகச் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் சேர்க்கிறேன், வாத்தியார் புத்தி விடாது.

இந்தப் பாட்டுக்குப் பெயர் 'பாரத தேசம்'. "பாரத தேசமென்று பெயர் சொல்லுவார்" என்று பல்லவி. அடுத்து "வெள்ளிப் பனிமலையின் மீதுலவுவோம்" என்று முதல் சரணம். பத்துச் சரணத்துக்கு மேல் உண்டு, முழுதாகப் பாடுகிறவர்கள் குறைவு. "சிந்து நதியின்மிசை நிலவினிலே" என்பதும் இதன் ஒரு சரணம்தான். 1964இல் 'கைகொடுத்த தெய்வம்' படத்தில் வந்ததிலிருந்து பலர் அதைத் தனிப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் டீச்சர் நடுச் சரணத்திலிருந்து எடுத்ததால் உங்களுக்குத் தலைப்பும் தெரியவில்லை, பல்லவியும் தெரியவில்லை. சிறுபிள்ளைகளுக்கு அதுதான் சரி. பனிமலையை எங்கே போய்க் காட்டுவது? குடையையும் கோணியையும் ஆணியையும் ஊருக்குள்ளேயே இரவல் வாங்கிவிடலாம்.

வருஷத்தையும் சொல்லிவிடலாம். கிராமங்களில் சத்துணவு தொடங்கியது 1982 ஜூலை 1. பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. ஆக நீங்கள் பாடியது பாரதி நூற்றாண்டு விழாவாகத்தான் இருக்க வேண்டும். பனிக்காலம் என்பதும் பொருந்துகிறது. அந்த வருஷம் நானும் இருபது பிள்ளைகளுக்கு மீசை வரைந்து முண்டாசு கட்டிவிட்டேன். அடுப்புக்கரி தீர்ந்துபோய், கடைசி இரண்டு பாரதிக்கு மீசை இல்லை.

உங்கள் துண்டுகளுக்கு வருகிறேன். "ராஜா பொத்தான் ஆத்து வீரர்" என்பது "ராசபுத்தானத்து வீரர்". ராஜபுதனம், இன்றைய ராஜஸ்தான். "ராசபுத்தானத்து வீரர் தமக்கு நல்லியற் கன்னடத்துத் தங்கம் அளிப்போம்" என்பது வரி. இதே சரணத்தில்தான் காசி நகர்ப் புலவர் பேசுவதைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி செய்வோம் என்கிறார். அந்தக் கருவியில்தான் இப்போது நாம் வடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"வெட்டுக் கனிகள்" மாம்பழம் அல்ல ஐயா. கனி என்றால் இங்கே சுரங்கம். கனிமம் என்கிறோமே, அந்தக் கனி. "வெட்டுக் கனிகள் செய்து தங்கம் முதலாம் வேறு பலபொருளும் குடைந்தெடுப்போம்" என்று ஓடுகிறது. உங்கள் தாத்தா வேலையேதான். பாரதி கோலார் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் கன்னடத்துத் தங்கம் என்றால் அந்தக் காலத்தில் வேறு எதை நினைப்பது? தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது 1880இல். பாரதி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

வடை எப்படி வந்தது என்பதும் எனக்கு ஆச்சரியமில்லை. ஏர், கலப்பை, மேழி, கொழு என்று நம் ஊரில் ஆயிரம் சொல்லுவோம், உழுபடை என்று யார் சொல்கிறார்கள்? கேட்காத சொல் வந்தால் பிள்ளைகள் காதுக்குத் தெரிந்த சொல்லைப் போட்டு அடைத்துக்கொள்வார்கள். அதோடு ழகரம் ளகரமானால் உளு வந்துவிடும். உளு வந்தால் உளுந்து வராதா? கை தட்டிப் பாடும்போது ஒரு அசை கூடினாலும் மெட்டு தாங்கிக்கொள்ளும். என் வகுப்பில் "ஞாலம் நடுங்க" என்பதை ஒருவன் வருஷம் முழுக்க "நாலும் நடுங்க" என்று பாடினான். நாலு கால் என்று நினைத்தானோ என்னவோ, நான் திருத்தவில்லை.

பர்கூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாலக்கோடு மாமியாருக்கு ஒரு கூடை மாம்பழம் கடன்பட்டிருக்கிறேன், சீசன் வரட்டும்.

நேற்று முழுப் பாட்டையும் எடுத்து உட்கார்ந்து வாசித்தேன். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வரும் "வெள்ளிப் பனிமலையின்" எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதே பாட்டைத்தான் கோணியோடு நின்று பாடினேன் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எங்கள் டீச்சர் போட்ட மெட்டு வேறு, அது அப்படியே கும்மி. படத்து மெட்டில் பாடிப் பார்த்தால் இது என் பாட்டு இல்லை. கும்மி மெட்டில் பாடினால்தான் கோணி வாசனை வருகிறது.

தாத்தா சிரித்ததற்கு வருகிறேன். அவர் பங்காருப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பம் போய் இறங்கி, பதினெட்டு வயதில் சுரங்கத்தில் சேர்ந்தவர். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழம் போகும், அங்கே பாறையைத் தொட்டால் சுடும் என்பார். விழா முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், ஏன் தாத்தா சிரிச்சீங்க என்று. "கன்னடத்துத் தங்கத்தைக் குடுக்கிறதுன்னா நானுமில்ல குடுக்கணும்? தோண்டினவன் நான். மேலே வர்றப்ப வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பான். குண்டுமணி கொண்டுவர முடியல, இவங்க சிப்பாய்க்குக் குடுக்கறாங்களாம்" என்றார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கைக் கதை. அவருக்கு அப்போதே இருமல் நிற்காது. வாசற்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார், நாங்கள் அது பீடியால் என்று நினைத்தோம். தங்கவயலை 2001இல் மூடினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசியாக, கொழு. அந்த நண்பன் இப்போது ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி போன் போட்டேன். எடுத்தவுடன், "டேய், அது வடை இல்லையாம்டா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடிக் காட்டியதும் புரிந்துகொண்டான்.

"தெரியும்டா. டீச்சர் பட்டறைக்கு வந்து, உழுபடைன்னு பாட்டுல வருது, கொழு ஒண்ணு குடுங்கன்னு எங்கப்பாகிட்டதான் கேட்டாங்க."

"அப்புறம் ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க எல்லாரும் வடைன்னு பாடினீங்க. எனக்கும் பசி. நானும் வடைன்னே பாடிட்டேன்."

அதே பாட்டில் "கலை வளர்ப்போம் கொல்லருலை வளர்ப்போம்" என்று ஒரு வரி இருக்கிறது, உங்கள் பட்டறைதான் அது என்று வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒண்ணு தெரியுமா? அந்தக் கொழு எங்களுதே இல்ல. காய்ச்சித் தட்டறதுக்கு ஒருத்தர் குடுத்துட்டுப் போனது. அவர் அன்னிக்கு முன்வரிசையில உட்கார்ந்திருக்கார். நான் தூக்கிப் பிடிச்சதும் எழுந்து எழுந்து பார்க்கிறார். பாட்டு முடியறதுக்குள்ள பட்டறைக்குப் போய், எங்கப்பாகிட்ட, என் கொழு எங்கடான்னு ஒரே சண்டை."