டிராக்டரின் பின்டயர்: பெரிய அளவுக்கு மாறலாமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் உள்ள 45 குதிரைத்திறன் டூ வீல் டிரைவ் டிராக்டரின் 13.6-28 பின்டயர்களில் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்துவிட்டதால் புதியவை வாங்கவிருக்கிறேன். வேலையில் பாதி உழவு, மீதி சாலையில் டிரெய்லர் இழுப்பது. கொத்துக் கலப்பையை இறக்கினால் சக்கரம் வழுக்குகிறது. பிடிப்புக் கூடும் என்று எண்ணிக் காற்றைக் குறைத்து ஓட்டியதில், இந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு முறை டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிட்டது. 14.9-28 போடலாமா? அல்லது ரேடியல் (உள்நூல்கள் டயரின் குறுக்கே நேராக ஓடும் வகை) வாங்குவது நல்லதா?

பதில் 1:
ஐயா, வால்வு பிய்வதற்கு டியூபின் தரம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மைப் பிடித்து நிற்காது; இழுவையின்போது ரிம் முன்னே சுழல, டயர் பின்தங்கும்; டயரோடு ஒட்டிய டியூபும் பின்தங்க, ரிம்மின் துளைக்குள் நிற்கும் வால்வு வெட்டுப்படும். டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம் வரை சுண்ணக்கட்டியால் ஒரே கோடு போட்டு, ஒரு மணி நேரம் உழுதுவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் காரணம் இதுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அளவைப் பொறுத்தவரை, 14.9 என்பது அங்குலத்தில் டயரின் ஏறத்தாழ அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம். விட்டம் ஒன்றாக இருப்பதாலேயே டயர் பொருந்திவிடும் என்று கருதிவிடாதீர்கள். ரிம்மில் டபிள்யூ12 என்று அடித்திருந்தால் அது 13.6 டயருக்கு உரியது, 14.9 டயருக்கு டபிள்யூ13 ரிம்தான் ஏற்றது. மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்.

ரேடியல் டயர் குறைந்த காற்றிலும் அகலமாகத் தரையில் பதிவதால் பிடிப்பும் கூடும், மண் இறுகுவதும் குறையும். ஆயினும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் சாதாரண டயருமாகப் போடவே கூடாது.

வாங்குவதற்கு முன் வழுக்கலை அளந்து பார்ப்பதே முக்கியம் என்று கருதுகிறேன். கலப்பையை இறக்கி, பின்சக்கரம் சரியாக 10 சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு உழுது, தொடக்கத்திலும் முடிவிலும் குச்சி நடுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம். வழுக்கல் அதற்கு மேல் போனால் பின்சக்கரங்களின் மேல் எடை போதவில்லை என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கோடு நான்கு விரற்கடை விலகியிருந்தது. ரிம் டபிள்யூ12 தான், ஆகவே 13.6 டயரையே வாங்குகிறேன். வழுக்கல் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. எடைக்காக டயரின் டியூபுக்குள் தண்ணீர் நிரப்பலாமா?

பதில் 2:
தாராளமாக நிரப்பலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும். ஒரு சக்கரத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். முழுவதும் நிரப்பிவிட்டால் அதிர்வைத் தாங்கக் காற்று இருக்காது. டிரெய்லர் வேலையே நீண்ட நாள் இருக்குமானால், கழற்றி மாட்டக்கூடிய வார்ப்பிரும்பு எடைகளையே நான் விரும்புவேன்.

பதில் 1:
மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டவேண்டும். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்களின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும். அப்போதுதான் சேறு பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறும். வயலில் சாதாரண டயருக்குப் பொதுவாக 12 முதல் 16 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைப்பார்கள். டிரெய்லர் பூட்டும் நாளில், டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓட்டியபின் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிவிடுங்கள்.