தகவல் போர் குறித்த கட்டுரைக்கு உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். போரில் தகவலே ஆயுதமாவது குறித்துக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தம் படைகள் தரையிறங்கவிருந்ததை மறைக்க, நேச நாடுகள் அமெரிக்க ஜெனரல் பேட்டனின் தலைமையில் இல்லாத ஒரு படைத்தொகுதியையே இருப்பதாகக் காட்டி, காற்றடைத்த ரப்பர் டாங்கிகளையும் பொய்யான வானொலிச் செய்திகளையும் கொண்டு, தாக்குதல் கலே கடற்கரையில்தான் வரும் என்று ஜெர்மானியரை நம்பவைத்தன. தரையிறங்கி மூன்று நாள் கழிந்த பிறகும், அது வெறும் திசைதிருப்பல் என்று ஜெர்மானியருக்குச் செய்தி அனுப்பிய, உண்மையில் பிரிட்டனுக்காக வேலை செய்த ‘கார்போ’ என்ற இரட்டை உளவாளிக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவை விருதே வழங்கியது.

இந்தப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். இன்றைய காலத்துக்கு வரும்போதுதான் தடுமாறுகிறேன். 2022 மார்ச்சில், உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி தம் வீரர்களைச் சரணடையச் சொல்வது போன்ற போலிக் காணொளி பரவியது. தலையும் உடலும் பொருந்தாத அந்தக் காணொளியை அவரே உடனே மறுத்தார். இத்தகைய போலி வரக்கூடும் என்று உக்ரைன் அரசு அம்மாதத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்ததுதான் அதை முறியடித்தது என்பது என் கணிப்பு.

இக்கணிப்பு சரிதானா என்பதைப் படைப்பணியில் இருந்தவர்களும் இதழியல் துறையினரும் சொல்ல வேண்டுகிறேன். முன்னெச்சரிக்கையின் பயனை ஆராயும் நூல்கள், குறிப்பாகத் தமிழில் ஏதேனும் இருந்தால், அவசியம் தெரிவியுங்கள்.