விலைப்பட்டியலில் கையொப்பம்: அனுப்பியவர் அவர்தானா?

கம்பம்மெட்டுக்காரன்: குமுளி ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி பெயரில் மின்னஞ்சலில் விலைப்பட்டியல் வந்தது. அவர் அனுப்பவே இல்லை. மின்னஞ்சலைப் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் மென்பொருளான பிஜிபியின் கையொப்பம் இதைத் தடுக்குமா?

போடிமெட்டு: தடுக்காது தம்பி, காட்டிக்கொடுக்கும். 1991இல் பில் சிம்மர்மன் பிஜிபியை வெளியிட்ட காலத்திலிருந்தே வழி இதுதான்: முதலாளி தன்னிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் கையொப்பமிடுவார், நீங்கள் அவர் எல்லோருக்கும் தரும் பொதுச்சாவியால் சரிபார்ப்பீர்கள். 8 மி.மீ. காய் விலையில் ஓர் இலக்கம் மாறினாலும் பிசகு தெரிந்துவிடும்.

கம்பம்மெட்டுக்காரன்: பொதுச்சாவியே போலி என்றால், அண்ணா?

புளியரை: அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொதுச்சாவிகளைத் தேடி எடுக்க உதவும் பழைய சாவி வழங்கிகளில் யார் பெயரிலும் யாரும் சாவி ஏற்றலாம். பெயரை நம்பவே நம்பாதீர்கள்! முதலாளியின் திரையில் தெரியும் சாவி விரல்ரேகையின், அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டின், 40 எழுத்துகளையும் நேரில் ஒப்பிடுங்கள். முன்பு பிஜிபி பயன்படுத்தியவர்களும் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்த பிறகே ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பமிட்டார்கள். தொலைபேசியில் கேட்பதென்றால், எண் உங்கள் கடைப் பேரேட்டில் இருப்பதாகவே இருக்கட்டும். அந்த மின்னஞ்சலில் கண்டதாக இருக்கக் கூடாது.